குடும்பமும் மனநல ஆலோசனையும்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையில், பழனிச் சாலை பிரிகின்ற இடத்தில் அமைந்திருக்கிறது எங்கள் பெருமாள்மலை. சமவெளியிலிருந்து வருகிறவர்கள் இங்கே வண்டியை விட்டிறங்கி, குளிர்ந்த காற்றை ஒரு முறை உள்ளே இழுத்துவிட்டு, "இங்கே குடியிருப்பவர்களுக்கு என்ன கவலை இருக்க முடியும்?" என்று கேட்பதுண்டு. மலையேறிவிட்டால் கவலை கீழேயே தங்கிவிடும் என்பது உண்மையானால், என் இன்றைய பேச்சுக்கு அவசியமே நேர்ந்திராது.

நேயர்களே, என் வீட்டுச் செய்தி ஒன்றையே முதலில் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பனிக்கால இரவில், என் மனைவிக்கு நெஞ்சுவலி கண்டது. அஜீரணமாக இருக்கும் என்று எண்ணிச் சுக்குக் கஷாயம் கொடுத்து, "விடியட்டும், பார்க்கலாம்" என்றேன். வலி மிகுந்த பின்னரே மகனை எழுப்பினேன். அவன் வண்டி தேடிக் கொண்டுவர நேரமாயிற்று. கொடைக்கானல் 10, 12 கிலோமீட்டர்தான். ஆயினும் மூடுபனியில் வண்டி ஊர்ந்தே சென்றது. வழியிலேயே அவள் உயிர் பிரிந்துவிட்டது.

அதற்குப் பின் எங்கள் வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை, பேச்சும் நடக்கவில்லை. "மாமா சாப்பிடலாமாம்" என்று மருமகள் வந்து சொல்லுவாள். "பிறகு சாப்பிடுகிறேன் என்று சொல்லம்மா" என்று நான் சொல்லியனுப்புவேன். ஏறக்குறைய ஓராண்டு இப்படிக் கழிந்தது. மகன் தூக்கம் இழந்தான். தோட்ட வேலையில் நாட்டம் இழந்தான். அவனுக்குத்தான் ஏதோ நோய் என்று எண்ணி, மருமகள் வற்புறுத்தியதன் பேரில், கீழே நகரத்தில் ஓர் ஆலோசகரிடம் அழைத்துச் சென்றோம். அவரோ மூவரையும் சேர்ந்து உட்காரச் சொன்னார்.

மகனைப் பற்றி நெடுநேரம் நான் பேசினேன். பொறுமையாகக் கேட்ட பின், "இவற்றையெல்லாம் உங்கள் மகனிடமே நீங்கள் கேட்டதுண்டா?" என்று வினவினார் ஆலோசகர். நான் விடையின்றி இருந்தேன். அப்போது மகன் வாய் திறந்தான். வண்டி கொண்டுவரத் தாமதித்ததால் தாயைக் கொன்றவன் என்று நான் அவனை எண்ணுவதாகவே அவன் நம்பியிருக்கிறான். விடியட்டும் என்று சொன்ன என்னை அவன் மன்னிக்கமாட்டான் என்றே நானும் அஞ்சியிருந்தேன். ஒருவர் மௌனம் மற்றவருக்குக் குற்றச்சாட்டாகப் பட்டிருக்கிறது.

ஆலோசனை மூன்று வகையாக நடைபெறுகிறது. முதலாவது, தனி ஒருவருக்கானது. அச்சம், துயரம், ஓயாத கவலை ஆகியவற்றால் வருந்துகிறவர் பயிற்சி பெற்ற ஒருவரிடம் குறித்த கால இடைவெளிகளில் பேசுகிறார். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் வகுத்த முறை இன்று உலகெங்கும் வழங்குகிறது. தன்னையறியாமல் எழும் எண்ணங்களைக் குறித்துக்கொண்டு, அவை மெய்தானா என்று சோதித்துப் பார்க்கப் பழக்குவது அம்முறை.

இரண்டாவது, கணவன் மனைவிக்கானது. இங்கே ஆலோசகர் நீதிபதி அல்லர். யார் பக்கம் நியாயம் என்று அவர் தீர்ப்புச் சொல்வதில்லை. ஒருவர் சொன்னதை மற்றவர் எவ்வாறு புரிந்துகொண்டார் என்பதை இருவருக்கும் காட்டுகிறார். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டமும், வழக்கைத் தீர்க்குமுன் சமரசத்துக்கு முயல வேண்டும் என்று நீதிமன்றத்தைப் பணித்து, ஆலோசகர்களுக்கும் இடம் அளித்திருக்கிறது. ஆனால் அடியும் அச்சுறுத்தலும் உள்ள வீட்டில் இருவரையும் ஒருசேர உட்கார வைப்பது தகாது. அங்கே பெண்ணின் பாதுகாப்பே முதற் கடமை; 181 என்ற எண்ணில் உதவி கேட்கலாம்.

மூன்றாவது, குடும்பம் முழுமைக்குமானது. நோய் ஒருவரிடம் தோன்றினாலும், அதன் வேர் பலருக்கு இடையே ஓடியிருக்கக்கூடும் என்பது இதன் அடிப்படை. நம் நாட்டுக்கு இது அந்நியமன்று. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில், இடநெருக்கடிக்கு நடுவே, நோயாளிகளுடன் உறவினரும் கூடாரங்களில் தங்க டாக்டர் வித்யாசாகர் ஏற்பாடு செய்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் தொடங்கிய மனநல மையமும், நோயாளியோடு உறவினரும் உடன் தங்கும் முறையைக் கைக்கொண்டது. துணைக்கு வந்த உறவினர் நோயின் தன்மையைக் கற்று, வீடு திரும்பிய பின் பராமரிக்கவும் தெரிந்துகொண்டனர்.

யாரிடம் செல்வது என்ற ஐயம் எழலாம். மனநல மருத்துவர் மருத்துவப் பட்டம் பெற்றவர். மருந்து எழுதித் தர வல்லவர். மருத்துவ உளவியலாளர் சோதனைகளும் பேச்சுவழிச் சிகிச்சையும் அளிப்பவர்; மருந்து தருவதில்லை. ஆலோசகர் என்ற பெயரைப் பலரும் சூட்டிக்கொள்வதால், அவருடைய படிப்பையும் பயிற்சியையும் கேட்டறிவதில் தவறில்லை. இல்லாத குரல் கேட்பதும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுவதும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டிய அறிகுறிகள்.

எங்கள் ஊருக்கு அருகே இயேசு சபைத் துறவி ஆமா சாமி 1996இல் நிறுவிய போதி ஜென்டோ தியான நிலையம் இருக்கிறது. தியானம் மனத்துக்கு நல்லதே. எனினும் அது சிகிச்சைக்கு மாற்றாகாது. எங்கள் வீட்டில் மௌனத்துக்குக் குறைவே இருக்கவில்லை. குறைவாக இருந்தது பேச்சு!

செலவை எண்ணித் தயங்க வேண்டியதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநலச் சிகிச்சை கிடைக்கிறது. 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். ஊரார் அறிந்துவிடுவார்களோ என்ற அச்சமும் வேண்டாம். நோயாளியின் செய்திகளை மறைவாகக் காக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விதிக்கிறது.

ஆறு முறை நாங்கள் அந்த ஆலோசகரிடம் சென்று வந்தோம். இறந்தவள் மீளவில்லை, அவ்விரவைப் பற்றிய வருத்தமும் முற்றும் அகலவில்லை. ஆனால் இப்போது மகன் தோட்டத்திலிருந்து வந்ததும், "அப்பா, சாப்பிட்டீர்களா?" என்று என்னிடமே கேட்கிறான். உங்கள் வீட்டிலும் ஒருவர் மூலமாக மற்றொருவருக்குச் செய்தி போய்க்கொண்டிருந்தால், நேயர்களே, ஓராண்டு காத்திராதீர்கள்.