நாராயண குருகுலம், ஊட்டி

நாராயண குருகுலம் (தொடக்கம்: 1923) நீலகிரி மாவட்டம் ஊட்டியில் ஃபெர்ன்ஹில் பகுதியில் அமைந்துள்ள வேதாந்தக் கல்வி மையம். நாராயண குருவின் மாணவரான நடராஜ குரு நிறுவிய குருகுல இயக்கத்தின் முதன்மையான மையங்களில் ஒன்று. சாதி, மதம், நாடு என்னும் வேறுபாடுகள் இன்றி மாணவர்களை ஏற்கும் அமைப்பு. வேள்வி, உபநிடதக் கல்வி, துறவு ஆகியவற்றில் பிறப்பின் அடிப்படையில் இருந்த உரிமையை மறுத்து, அவற்றை அனைவருக்கும் உரியவையாக முன்வைக்கிறது.

பின்னணி

நாராயண குரு (1856-1928) திருவனந்தபுரம் அருகே செம்பழந்தியில் ஈழவர் குடும்பத்தில் பிறந்தார். தமிழரான தைக்காடு அய்யாவிடம் யோகம் பயின்றார். இன்றைய கன்யாகுமரி மாவட்டத்தில் உள்ள மருத்துவாழ்மலையில் தவம் செய்தார். மலையாளம், சம்ஸ்கிருதம் ஆகியவற்றுடன் தமிழிலும் பதிகங்கள் எழுதினார்.

அன்றைய திருவிதாங்கூரில் ஈழவர்கள் பெருங்கோயில்களுக்குள் நுழைய முடியாது. 1888-ல் நாராயண குரு நெய்யாற்றில் இருந்து எடுத்த ஒரு கல்லை அருவிப்புறத்தில் சிவலிங்கமாக நிறுவினார். பிரதிஷ்டை பிராமணர்களுக்கு மட்டுமே உரிய சடங்காகக் கருதப்பட்ட காலம் அது. அதைச் செய்யும் தகுதி அவருக்கு உண்டா என்ற கேள்வி எழுந்தபோது, தான் நிறுவியது ஈழவ சிவனைத்தான் என அவர் பதில் சொன்னதாகக் கூறப்படுகிறது. பின்னர் காரமுக்கில் விளக்கையும், 1927-ல் களவங்கோட்டில் கண்ணாடியையும் கருவறையில் நிறுவினார்.

தொடக்கம்

நடராஜ குரு (1895-1973) பெங்களூரில் பிறந்தார். தந்தை டாக்டர் பல்பு, சாதியின் காரணமாகத் திருவிதாங்கூரில் அரசு மருத்துவப் பணி மறுக்கப்பட்டு மைசூர் அரசில் பணியாற்றியவர். 1903-ல் உருவான ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகத்தின் முன்னோடிகளில் ஒருவர். அந்த அமைப்பு சாதிநோக்குடன் செயல்படுவதாகக் கருதிய நாராயண குரு, 1916-ல் டாக்டர் பல்புவுக்கு எழுதிய கடிதத்தில் அதிலிருந்து தான் விலகுவதாக அறிவித்தார்.

தந்தை சமூக சீர்திருத்தத்தில் ஈடுபட, மகன் வேதாந்தக் கல்வியைத் தேர்ந்தெடுத்தார். 1923-ல் நாராயண குருவின் ஆசியுடன் நீலகிரியில் குருகுலத்தைத் தொடங்கினார். பின்னர் ஐரோப்பா சென்று பாரீஸ் சார்போன் பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார். ஃபெர்ன்ஹில் குருகுலம் அவருடைய எழுத்துக்கும் கல்விக்கும் களமாக அமைந்தது.

ஹோமம்

குருகுல மரபில் முக்கியமான சடங்கு ஹோமம். இதற்கான மந்திரத்தை நாராயண குருவே சம்ஸ்கிருதத்தில் இயற்றினார். வேத வேள்வியின் கூறுகளான நெருப்பு, சமித்து, நெய் ஆகியவை அதில் அப்படியே உள்ளன. ஆனால் அவை அகவயமான பொருள் கொள்கின்றன. நெருப்பின் ஒளி கண்முன் நிற்கும் பிரம்மம். புலன்கள் ஐந்தும் மனமும் புத்தியும் அதன் ஏழு நாக்குகள். புலன்கள் நாடும் பொருட்கள் சமித்து. 'நான்' என்னும் தன்னுணர்வே அதில் ஊற்றப்படும் நெய்.

இவ்விளக்கத்தின்படி வேள்வியில் அவியாகும் பொருள் வேள்வி செய்பவரின் அகங்காரமே. ஆகவே அதைச் செய்யக் குலமோ கோத்திரமோ தேவையில்லை. குருகுலக் கூடுகைகளில் ஹோமத்தைத் தொடர்ந்து உபநிடத விளக்கமும் உரையாடலும் நிகழ்வது வழக்கம்.

குருமரபு

நடராஜ குருவுக்குப் பின் நித்ய சைதன்ய யதி (1924-1999) குருகுலத் தலைவரானார். தத்துவம், உளவியல், இலக்கியம் சார்ந்து மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ஏராளமான நூல்களை எழுதினார். அமெரிக்காவில் கற்பித்தார். கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் கல்விமுறைக்காக முயன்றார். இறுதிக்காலத்தை ஃபெர்ன்ஹில் குருகுலத்தில் கழித்து, மே 14, 1999-ல் அங்கேயே மறைந்தார். அவருடைய சமாதி குருகுல வளாகத்தில் உள்ளது. அவருக்குப் பின் முனி நாராயண பிரசாத் வர்க்கலையில் இருந்து குருகுலத்தை வழிநடத்தினார். அவர் 2024-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

குருவின் இடம் குடும்ப வாரிசுரிமையாக இல்லாமல் ஆசிரியரிடமிருந்து மாணவருக்குச் செல்வது இம்மரபின் இயல்பு. வெளிநாட்டு மாணவர்களும் இதில் பங்கேற்றனர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் ஸ்பியர்ஸ் 1955-ல் 'வேல்யூஸ்' என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். 1948-ல் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்து தன்னை உலகக் குடிமகன் என அறிவித்த கேரி டேவிஸ் நடராஜ குருவின் மாணவர்களில் ஒருவர்.

தமிழ் இலக்கியத் தொடர்பு

எழுத்தாளர் ஜெயமோகன் நித்ய சைதன்ய யதியின் மாணவர். அவர் ஒருங்கிணைத்த இலக்கியச் சந்திப்புகள் ஊட்டி குருகுலத்தில் நடைபெற்றன. தமிழ், மலையாளக் கவிஞர்கள் அவற்றில் கலந்துகொண்டு உரையாடினர். ஊட்டியில் வாழும் மொழிபெயர்ப்பாளர் நிர்மால்யா நித்யாவின் எழுத்துக்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

பண்பாட்டு இடம்

1936-ல் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேச அறிவிப்பு கோயில் கதவுகளைத் திறந்தது. தமிழகத்தில் பரம்பரை அர்ச்சகர் உரிமை சட்டத் திருத்தத்தால் நீக்கப்பட்டது. அரசுப் பயிற்சி பெற்ற பல்வேறு சாதியினர் 2021-ல் அர்ச்சகர்களாக நியமிக்கப்பட்டனர். இவை சடங்கைச் செய்யும் உரிமைக்கான முயற்சிகள். நாராயண குருவின் மரபு இன்னொரு வழியைத் தேர்ந்தது. சடங்கின் பொருளையே மறுவரையறை செய்து, அதன்வழி பிறப்புரிமைக்கான அடிப்படையை இல்லாமலாக்கியது.

நாராயண குருவை ஒரு சாதியின் தலைவராகக் காணும் பார்வை பின்னாளில் வலுப்பெற்றது. அவரை வேதாந்த ஆசிரியராகவும், அவருடைய நூல்களை உலகப் பொதுவான தத்துவமாகவும் முன்வைத்தது குருகுலத்தின் முதன்மையான பங்களிப்பு.