திம்பம் மலையில் மூன்று வெப்பங்கள்

கோவையிலிருந்து சாமராஜநகர் போகிறவர்கள் பண்ணாரியைத் தாண்டியதும் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏற வேண்டும். முன்னால் ஒரு கரும்பு லாரி ஊர்ந்தால், டர்போ பூட்டிய 200 குதிரைசக்தி காரும் பின்னால் ஊர வேண்டியதுதான். சுற்றிலும் 2013இல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்த முடியாது என்பதால், வெப்பம் ஏறுவதை முன்கூட்டியே அறிய வேண்டிய சாலை இது.

ஒன்றரை டன் காரை 700 மீட்டர் உயர்த்தச் சுமார் 10 மெகாஜூல் ஆற்றல் போதும். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலில் மூன்றிலொரு பங்கு. ஆனால் எஞ்சின் ஏறக்குறைய முழு லிட்டரையும் எரிக்கும். மிச்சமெல்லாம் வெப்பம். காற்று வேகமாக மோதாத ஊர்தலில் அதை வெளியேற்றுவது ரேடியேட்டருக்குச் சிரமம்.

டாஷ்போர்டில் நாம் பார்க்கும் வெப்ப முள் கூலன்ட்டுக்கு உரியது. பல கார்களில் 75 டிகிரியோ 105 டிகிரியோ, அது நடுவிலேயே நிற்கும்படி மென்பொருள் அமைத்திருக்கிறார்கள், ஓட்டுபவர் பதறக் கூடாதென்று. வேகத்துக்காக வாங்கிய காரில் இந்தக் கரிசனம் வேண்டாம், உள்ள டிகிரியையே காட்டட்டும் என்பது என் கருத்து. கூலன்ட் கசிந்து தீர்ந்துவிட்டால் சென்சார் வெறும் ஆவியில் தொங்கிக்கொண்டு குறைத்துக்கூடக் காட்டும்.

எஞ்சின் ஆயில் மெதுவாகச் சூடாகும். கூலன்ட் 90 டிகிரியைத் தொட்ட பிறகும் ஆயில் பின்தங்கியே இருக்கும். 5டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஐந்தாறு மடங்கு கெட்டி. பண்ணாரியில் தங்கியிருந்து காலையில் கிளம்பினால், ஆயில் 80 டிகிரியைத் தொடும்வரை ஆக்சிலேட்டரை ஆழமாக மிதிக்கக் கூடாது. 100 முதல் 110 வரை இயல்பு. 130ஐ நெருங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

மலையில் அதிகம் வதைபடுவது கியர்பாக்ஸ்தான். ஆட்டோமேட்டிக் வண்டியில் டார்க் கன்வெர்ட்டர் வழுக்கும்போது அதற்குள் ஆயில் கடைபட்டுக் கொதிக்கிறது. இரட்டைக் கிளட்ச் வண்டியில் அரைக் கிளட்சில் தட்டுகள் உராய்கின்றன. 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் கியர் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது மெக்கானிக்குகளின் பழைய கணக்கு. பலரும் ஏற்றத்தில் பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டராலேயே வண்டியைத் தாங்கி நிறுத்துகிறார்கள். கிளட்சைக் கருக்க அதைவிட எளிய வழி கிடையாது. பிரேக்கை மிதித்து நில்லுங்கள். லாரி இரண்டு வண்டி நீளம் நகர்ந்ததும் ஒரே மூச்சில் ஏறுங்கள்.

உச்சியைத் தாண்டி ஆசனூர் வரை சமமான காட்டுச் சாலை. அங்கே நிதானமாகப் போனால் கூலன்ட் முதலில் தணியும், ஆயிலும் கியர்பாக்ஸும் பிறகு. டீக்கடையில் நிறுத்துவதற்குள் மூன்றும் இறங்கியிருக்கும்.