அங்கோர் தொம்மின் கீழை வாயில்

கம்போடியாவின் அங்கோர் தொம் நகருக்கு ஐந்து வாயில்கள் உள. பயணிகளிற் பெரும்பாலோர் தெற்கு வாயிலாலேயே நுழைவர். நாம் சென்று கண்டது, 'இறந்தோர் வாயில்' என வழங்கும் கிழக்கு வாயிலையாகும்.

ஏழாம் ஜயவர்மன் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த இந்நகரின் மதில், பக்கமொன்றுக்கு ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நீளமும் 8 மீற்றர் உயரமும் உடையது. நகரின் நடுவிலுள்ள பேயோன் கோயிலுக்கு நேர்கிழக்கே இவ்வாயில் நிற்கிறது. அரண்மனைக்குச் செல்லும் பாதைக்கென வடக்கே சற்றுத் தொலைவில் 'வெற்றி வாயில்' தனியே எழுந்தது. இன்றைய வீதியும் அதனூடாகவே செல்வதால், இங்கு ஆளரவம் குறைவு.

கோபுரத்தின் நாற்றிசை முகங்களைக் கருணையின் வடிவமெனக் கொள்வோர் பலர். தன் ஆட்சியில் 102 மருத்துவச்சாலைகள் இருந்ததாகக் கல்வெட்டிற் பொறித்த மன்னனின் நகரன்றோ இது! ஆயின், 1296-97இல் இங்கு தங்கிய சீனரான சௌ தாகுவான் பிறிதொரு செய்தி தருகிறார்: நாய்களும், தண்டனையாகக் கால்விரல் துண்டிக்கப்பட்டோரும் நகர வாயில்களுட் புகுதல் கூடாது.

ஆகவே வாயில் என்பது புகுவோருக்கான வழி மட்டுமன்று. புகவியலாதோரைப் பிரித்து நிறுத்தும் எல்லையுமாகும். கலை வரலாறு அம்முகங்களின் புன்முறுவலை விரித்துரைக்கிறது. அவற்றின் கீழ்த் தடுத்து நிறுத்தப்பட்டோரைப் பற்றி உசாவுவது சமூக வரலாற்றின் கடனாகும்.