எட்டு மெகாபிக்சல் எதற்கு? கடைக்குக் கேமரா வாங்குவோர் கவனத்திற்கு



அடையாறில் நாற்பது ஆண்டுகளாக அரிசி, பருப்பு, எண்ணெய் மொத்த வியாபாரம் செய்து வருபவன் நான். பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன். இப்படிப்பட்டவன் கேமராவைப் பற்றி எழுத வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் இந்த விஷயத்தில் கைப்பொருளை இழந்து நான் கற்ற பாடம் ஒன்று உண்டு. மற்ற வணிக நண்பர்களுக்கு அந்த நஷ்டம் வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் கடையிலும் கிடங்கிலும் சேர்த்து நான்கு கேமராக்கள் இருந்தன. எல்லாம் 2 மெகாபிக்சல். 2022ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன்பு கேமரா பொருத்துகிறவர் ஒருவர் வந்து, "ஐயா, இதெல்லாம் பழைய காலத்துச் சரக்கு. இப்போது எல்லோரும் 8 மெகாபிக்சல் போடுகிறார்கள். நாலு மடங்கு தெளிவு" என்றார். செல்போனில் படம் காட்டினார். கண்ணாடி போல இருந்தது. நான்கையும் மாற்றிவிட்டேன். பதிவுப் பெட்டியும் புதிது. அதற்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் மட்டும் பழையதே போதும் என்று அதையே எடுத்துப் பொருத்தினார். செலவு மிச்சம் என்று நானும் மகிழ்ந்தேன்.

தீபாவளி முடிந்து இருப்பைச் சரிபார்த்தபோது எண்ணெய் டின் 22 குறைந்தது. கணக்கைப் பின்னோக்கிப் பார்த்ததில், சரக்கு போனது ஏழு நாட்களுக்கு முன்பு என்று தெரிந்தது. கேமரா இருக்கிறதே என்று தைரியமாகப் பெட்டியைத் திறந்து பார்த்தால், மூன்று நாளுக்கு முந்தைய பதிவு எதுவுமே இல்லை. அழிந்து, அதன்மேல் புதுப் பதிவு ஏறிவிட்டது. பழைய கேமராவே இருந்திருந்தால் பதினொரு நாள் பதிவு இருந்திருக்கும்.

யார் எடுத்தது என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் எல்லோர் பார்வையும் கிடங்குச் சாவி வைத்திருந்த ஊழியர் மேல் விழுந்தது. என்னிடம் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர். நான் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனாலும் பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. பதிவு இருந்திருந்தால் ஒன்று திருடன் அகப்பட்டிருப்பான், அல்லது அந்த மனிதர் மேல் பழி இல்லை என்றாவது தெரிந்திருக்கும். டின் போனதை அடுத்த சீசனில் ஈடு செய்துவிட்டேன். ஆள் போனதை ஈடு செய்ய முடியவில்லை.

மெகாபிக்சல் என்றால் என்ன?

படம் என்பது சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. பத்து லட்சம் புள்ளி சேர்ந்தால் ஒரு மெகாபிக்சல். 2 மெகாபிக்சல் கேமராவில் குறுக்கே 1920 புள்ளி, நெடுக்கே 1080 புள்ளி. பெருக்கினால் சுமார் 20.7 லட்சம். 8 மெகாபிக்சல், அதாவது 4கே என்று சொல்லப்படுவதில், குறுக்கே 3840, நெடுக்கே 2160. சுமார் 83 லட்சம். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. புள்ளிகள் நாலு மடங்கு ஆனாலும், குறுக்களவில் கூடுவது இரண்டே மடங்குதான். "நாலு மடங்கு தெளிவு" என்று சொல்வது கணக்கில் சரி, பார்வையில் பாதிதான்.

இந்தப் போட்டி கடைக் கேமராவோடு நிற்கவில்லை. நாம் தூர்தர்ஷன் பார்த்த காலத்தில் டெலிவிஷன் படம் 625 வரிகள்தான். அதில்தான் கபில்தேவ் 1983இல் உலகக் கோப்பையைத் தூக்கியதைப் பார்த்தோம், குறை தெரியவில்லை. ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் 2018 டிசம்பரில் 8கே ஒளிபரப்பையே தொடங்கிவிட்டது. அதில் மூன்று கோடிக்கும் மேல் புள்ளிகள். செல்போனிலோ 2019இல் 108 மெகாபிக்சல் வந்தது, 2022இல் 200 வந்தது. ஆனால் 108 மெகாபிக்சல் போன்களில் பல, சாதாரணமாகப் படம் எடுக்கும்போது ஒன்பது புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் தருகின்றன. காரணம் வெளிச்சம். அதற்குப் பின்னால் வருகிறேன். அரிசி மூட்டையின் மேல் என்ன அச்சடித்திருந்தாலும் கையைவிட்டு அள்ளிப் பார்த்துத்தானே விலை பேசுகிறோம்? கேமராவிலும் அப்படியே செய்ய வேண்டும்.

முகம் தெரிய எத்தனை புள்ளி?

அறிமுகம் இல்லாத ஒருவரை இன்னார் என்று அடையாளம் காட்ட, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளி வேண்டும் என்பது பாதுகாப்புக் கேமராவுக்கான சர்வதேச அளவுகோலில் நெடுங்காலம் இருந்த கணக்கு. ஏற்கெனவே தெரிந்தவரைக் கண்டுகொள்ள அதில் பாதி, 125 போதும். ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க 25 போதும்.

இதை நம் கடைக்குப் பொருத்திப் பாருங்கள். 2 மெகாபிக்சலின் 1920 புள்ளிகளை 250ஆல் வகுத்தால் ஏழரை மீட்டருக்குச் சற்று மேல், அதாவது 25 அடி அகலம். நம்மில் பலருடைய கடை வாசல் பத்து அல்லது பன்னிரண்டு அடி. ஆக, வாசலை மட்டும் பார்க்கும்படி வைத்தால் 2 மெகாபிக்சல் தேவைக்கு இரு மடங்கு உள்ளது.

பிறகு ஏன் முகம் தெரிவதில்லை? லென்ஸ்தான் காரணம். பெரும்பாலும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்த கேமராவைத்தான் மாட்டிவிட்டுப் போகிறார்கள். அது கடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் முகம் தெரிவது பத்துப் பன்னிரண்டு அடி வரைதான். அதே 2 மெகாபிக்சல் கேமராவை 6 மில்லிமீட்டர் லென்ஸோடு வாங்கினால் சுமார் 25 அடி வரை முகம் தெரியும். பக்கங்களில் அகலம் குறையும். 8 மெகாபிக்சலுக்கு மாறிக் கிடைக்கும் பலன், லென்ஸை மாற்றினாலே கிடைத்துவிடுகிறது. ஆகவே கடை முழுவதையும் பார்க்க ஒன்று, வாசலுக்கும் கல்லாவுக்கும் குறுகிய பார்வையில் ஆளுக்கு ஒன்று என்று வைப்பதே புத்திசாலித்தனம். கூரையை ஒட்டி மாட்டினால் தலைமுடிதான் பதியும். முகம் நேராகத் தெரியும் உயரத்தில் ஒன்றாவது இருக்க வேண்டும்.

வெளிச்சம்

ஒரு படி அரிசியை ஒரு பாத்திரத்தில் போட்டால் நிறைந்து நிற்கும். அதையே நாலு பாத்திரத்தில் பங்கிட்டால் ஒவ்வொன்றிலும் கால்வாசிதான். கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கும் சில்லு, 2 மெகாபிக்சலிலும் 8 மெகாபிக்சலிலும் பெரும்பாலும் ஏறத்தாழ ஒரே அளவுதான். அதனால் 8 மெகாபிக்சலில் ஒரு புள்ளிக்கு விழும் வெளிச்சம் கால்வாசியாகிவிடுகிறது. பகலில் வித்தியாசம் தெரியாது. இரவில், மங்கிய கிடங்கில், படம் மணல் தூவியது போல ஆகும். நகரும் கை இழுத்துப்போய்த் தெரியும். திருட்டு பெரும்பாலும் நடப்பது அந்த வெளிச்சத்தில்தானே? கிடங்கில் ஒரு நல்ல எல்.இ.டி. விளக்கு எரிய விடுவது, ஆறு மெகாபிக்சல் கூட்டுவதைவிடப் பலன் தரும்.

தெருவைப் பார்த்த கடைகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. மதிய வெயில் பின்னால் அடிக்கும்போது, உள்ளே வருபவரின் முகம் கறுப்பாகிவிடும். இதைச் சமாளிக்க டபிள்யூ.டி.ஆர். என்ற வசதி உள்ள கேமராவாகக் கேட்டு வாங்குங்கள்.

நாள் கணக்கு

நான் ஏமாந்த இடம் இதுதான். எச்.265 முறையில் பதியும்போது, 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று விநாடிக்குச் சுமார் 2 மெகாபிட் எடுக்கும். ஒரு நாளைக்கு 21.6 ஜி.பி. நான்கு கேமராவுக்கு 86 ஜி.பி. 1 டெராபைட் டிஸ்க் என்பது 1000 ஜி.பி.; ஆகவே பதினொன்றரை நாள் தாங்கும். 8 மெகாபிக்சலுக்கு மாறினால் இதே கணக்கு நாலு மடங்கு. நாளைக்கு 345 ஜி.பி.; டிஸ்க் மூன்று நாளுக்குள் நிரம்பிவிடும். நிரம்பியதும் பெட்டி நம்மைக் கேட்காது. பழையதை அழித்துப் புதியதை எழுதும்.

நம்மில் பலர் மாதம் ஒருமுறைதான் முழு இருப்பு எடுக்கிறோம். அப்படியானால் 30 நாள் பதிவு வேண்டும். நான்கு 2 மெகாபிக்சல் கேமராவுக்கு 3 டெராபைட் போதும். 8 மெகாபிக்சல் என்றால் 10 டெராபைட்டுக்கு மேல் வேண்டும். கேமராவின் விலையோடு டிஸ்க்கின் விலையையும் சேர்த்துக் கேளுங்கள். நடமாட்டம் இருந்தால் மட்டும் பதியும் ஏற்பாடு, இரவில் பூட்டிய கிடங்கில் இடத்தை மிச்சப்படுத்தும். பகலெல்லாம் ஆள் வந்துபோகும் கடையில் அதனால் பெரிய மிச்சம் இல்லை.

சட்டமும் காவல்துறையும்

2016 ஜூன் மாதம் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் கொலை செய்யப்பட்டபோது, நிலையத்தில் கேமரா இல்லை. பக்கத்துத் தெருக்களில் இருந்த கேமராக்களின் தெளிவற்ற படங்களை வைத்துத்தான் போலீஸார் தேடத் தொடங்கினார்கள். 2017இல் சென்னைக் காவல்துறை "மூன்றாவது கண்" திட்டத்தைத் தொடங்கி, 50 மீட்டருக்கு ஒரு கேமரா என்று பொதுமக்களையும் வணிகர்களையும் வைக்கச் சொன்னது. அதன்பின் ஒரு தனியார் நிறுவனம் எடுத்த கணக்கில், சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்களோடு உலக நகரங்களில் சென்னை முதலிடம் பெற்றது. ஆக, எண்ணிக்கையில் நமக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றும் வேலை செய்கிறதா என்பதே கேள்வி.

பதிவு நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமானால் சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுப்படி இது கட்டாயம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷிய அதிநியம் நடைமுறையில் உள்ளது. அதன் 63ஆம் பிரிவில் இது வருகிறது. படிவத்தில் இரண்டு பகுதிகள். ஒன்று நாம் தருவது, மற்றது நிபுணர் தருவது. பதிவின் கைரேகை போன்ற ஹாஷ் எண்ணையும் அதில் குறிப்பிட வேண்டும். ஆகவே சம்பவம் நடந்தால் செல்போனில் திரையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம். அசல் பதிவை உடனே தனியாக எடுத்து வையுங்கள்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

1. வாசலில் நிற்பவர் முகம் தெரிகிறதா? நம் கடையிலேயே, இரவு எட்டு மணிக்கு மேல், பையன் ஒருவரை நிற்க வைத்துப் பதிவைப் போட்டுப் பாருங்கள். நேரடிப் படத்தை அல்ல, பதிவை.

2. எத்தனை நாள் பதிவு நிற்கும்? பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

3. பெட்டியின் கடிகாரம் சரியா? மாதப் பிறப்பன்று சரிபாருங்கள். நேரம் தப்பினால் பதிவின் மேல் சந்தேகம் வரும்.

4. கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றினீர்களா? 2016இல் "மிராய்" என்ற வைரஸ், பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களுக்குள் புகுந்து அமெரிக்காவில் பல இணையதளங்களை முடக்கியது. நம் நாட்டிலும் 2025 ஏப்ரல் முதல் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியுள்ளது. அந்தச் சான்று பெற்ற மாடலா என்று கேளுங்கள்.

5. மின்சாரம் போனால் பெட்டி ஓடுமா? சிறு யு.பி.எஸ். ஒன்று அவசியம்.

8 மெகாபிக்சல் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அகலமான தெருவையோ, லாரி வந்து நிற்கும் பெரிய முற்றத்தையோ ஒரே கேமராவில் பார்க்க வேண்டியவர்களுக்கு அது பயன்படும்; டிஸ்க்கும் அதற்கேற்றபடி இருக்க வேண்டும். நான் இப்போது வாசலில் மட்டும் ஒன்று வைத்துக்கொண்டு, மற்ற மூன்றையும் பழையபடி 2 மெகாபிக்சலுக்கே மாற்றி, 6 டெராபைட் டிஸ்க் போட்டிருக்கிறேன். ஒரு மாதப் பதிவு நிற்கிறது.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் கடைப் பெட்டியில் மிகப் பழைய பதிவு எந்தத் தேதி என்று ஒருமுறை பாருங்கள். கணக்கில் சந்தேகம் உள்ளவர்கள் அடுத்த சங்கக் கூட்டத்தில் கேட்கலாம். உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்.