நொடிக்கு 133 முறை திறக்கும் கதவு

டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டன் மேலேறும்போது கிராங்க் கேஸில் அழுத்தம் குறையும். உடனே ரீட் வால்வின் மெல்லிய இதழ்கள் வளைந்து காற்றை உள்ளே விடும்; பிஸ்டன் இறங்கியதும் மூடிக்கொள்ளும். யமஹா ஆர்எக்ஸ் 100-ஐப் பிரித்த மெக்கானிக்குகளுக்கு இது பழகிய பாகம்தான்.

பனிமேல் ஓடும் ஸ்னோமொபைலில் இந்த இதழ்களுக்குப் பாடு அதிகம். 8,000 ஆர்பிஎம்மில் நொடிக்குச் சுமார் 133 முறை திறந்து மூட வேண்டும். உயர்ந்த மலையில் காற்று அடர்த்தி குறைவு. அதை ஈடுகட்டத்தான் கனடாவின் ஸ்கி-டூ 2020 மாடலில் தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்தியது. டர்போ அழுத்தி அனுப்பும் அடர்த்தியான காற்று பாயும்போது இதழ் கூடுதலாக வளைகிறது, வேகமாக வந்து மோதுகிறது. அடிவாங்குவது நுனியும் ஓரமும்.

எந்த இதழைத் தேர்ந்தெடுப்பது? ஸ்டீல் இதழ் நெடுநாள் உழைக்கும். ஆனால் உடைந்தால் துண்டு உள்ளே போய் பிஸ்டனையும் சிலிண்டரையும் கீறிவிடும். ஃபைபர்கிளாஸ் உடைந்தால் சேதம் பெரும்பாலும் குறைவு. கார்பன் ஃபைபர் இலேசானது, சட்டென்று மூடும். ஓரம் பிசிறத் தொடங்கினால் மாற்றியே ஆகவேண்டும். தடிமனிலும் சிக்கல் உண்டு: மெல்லிய இதழ் குறைந்த வேகத்தில் எளிதாகத் திறக்கும், அதிவேகத்தில் படபடக்கும். தடித்தது நேர்மாறு.

டர்போவுக்கு என் ஓட்டு சற்றுத் தடித்த, ஃபைபர் வகை இதழுக்கே. சீசன் தொடங்குமுன் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இதழோரம் கீற்றாக ஒளி தெரிந்தாலோ நுனி பிசிறியிருந்தாலோ புதிதாகப் போடுங்கள்.