வெள்ளைக் கதவு மஞ்சளாவது ஏன்?

பொங்கலோ பெருநாளோ நெருங்கும்போது வீட்டுக்கு வர்ணம் பூசுவது நமது மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கமாகும். சுவருக்குச் சுண்ணாம்போ எமல்ஷனோ பூசுவோர், கதவுக்கும் யன்னலுக்கும் நிலைகளுக்கும் எனாமல் பெயின்ற் பூசுகின்றனர். ஓரிரு ஆண்டுகள் கழிந்ததும் சுவர் வெண்மையாகவே இருக்க, அறைக்குள் உள்ள மரவேலைகள் மாத்திரம் மஞ்சளாகி விடுகின்றன. உடனே பழி விழுவது பூசிய தொழிலாளி மீதும் விற்ற கடைக்காரர் மீதுமே. கலப்படம் என்றும் ஏமாற்று என்றும் பேச்சு எழுகின்றது. பெரும்பாலான சந்தர்ப்பங்களில் இரண்டுமே உண்மையல்ல.

வவுனியா வடக்குப் பிரதேச செயலாளர் பிரிவின் மையமான நெடுங்கேணி போன்ற இடங்களில் இதனை வெறும் அழகு சார்ந்த விடயமாகக் கொள்ள முடியாது. 2009இல் யுத்தம் முடிவுற்றபின் வன்னிக்குத் திரும்பிய குடும்பங்களும், 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இரு தசாப்தங்களின் பின் மீண்ட முஸ்லிம் குடும்பங்களும் வெறும் நிலத்திலிருந்தே வீடுகளை எழுப்ப வேண்டியிருந்தது. 2012 முதல் வடக்கில் பரவலாக நடைமுறைப்படுத்தப்பட்ட இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா வழங்கப்பட்டது. பொருட்களை வாங்குவதும் வேலையாட்களை அமர்த்துவதும் பயனாளியின் பொறுப்பாயிற்று. அத்தொகை போதாமற் கடன்பட்டு வீட்டை நிறைவு செய்தோர் பலர். இத்தகைய குடும்பமொன்று காரணம் அறியாமல் அதே பெயின்றை மீண்டும் வாங்கிப் பூசுமாயின், பணம் விரயமாவதோடு மஞ்சளும் திரும்பி வரும்.

முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, பெயின்றிலுள்ள வெள்ளை மாறுவதில்லை என்பதாகும். இன்றைய வெள்ளைத் தீந்தைகளுக்கு வெண்மை தருவது தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்னும் தூளாகும். இதன் மூலப்பொருளான இல்மனைற் நெடுங்கேணிக்குக் கிழக்கே, கொக்கிளாய்க் களப்பை அடுத்துள்ள புல்மோட்டைக் கடற்கரையின் கரிய மணலில் பெருமளவு உள்ளது. அதனை அகழ்வதற்கென 1957இலேயே அரச கூட்டுத்தாபனம் ஒன்று நிறுவப்பட்டது. இக்கனியம் பெரும்பாலும் மூலப்பொருளாகவே ஏற்றுமதியாகி, வெளிநாட்டு ஆலைகளிலேயே வெண்தூளாகின்றது. அத்தூள் எத்தனை ஆண்டு சென்றாலும் மஞ்சளாவதில்லை.

மஞ்சளாவது, அத்தூளை மரத்தோடு பிணைத்து வைக்கும் எண்ணெயே. எனாமலில் உள்ள பிசின், சோயா, ஆளிவிதை முதலிய உலரும் எண்ணெய்களைக் கொண்டு ஆக்கப்படுகின்றது. இவ்வெண்ணெய் நீரைப்போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்று இறுகிப் படலமாகின்றது. தொட்டால் ஒட்டாத நிலை வந்த பின்னரும் இந்த ஒட்சியேற்றம் பல ஆண்டுகள் மெதுவாகத் தொடர்கின்றது. அப்போது தோன்றும் சில சேர்வைகள் நீல ஒளியை உறிஞ்சுகின்றன. வெள்ளையிலிருந்து நீலம் குறைந்தால் எஞ்சித் தெரிவது மஞ்சள். ஆளிவிதை எண்ணெய் மிகுதியாகவும், சோயா எண்ணெய் குறைவாகவும், சூரியகாந்தி எண்ணெய் அதனினும் குறைவாகவும் மஞ்சளாகும். தடிப்பாகப் பூசினால் மஞ்சள் மேலும் எடுப்பாகத் தெரியும்.

அப்படியாயின் அறைக்குள் மாத்திரம் ஏன்? சூரிய ஒளி இந்த மஞ்சள் சேர்வைகளைச் சிதைத்து நிறமிழக்கச் செய்கின்றது. வெளிப்புறக் கதவில் அவை தோன்றத் தோன்ற வெயில் வெளுத்துவிடுகின்றது. இருளில் அவை சேர்ந்துகொண்டே போகின்றன. எனவேதான் அலுமாரியின் உட்புறமும், நாட்காட்டி தொங்கிய இடமும், உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கப் பூட்டிக்கிடக்கும் வீட்டின் யன்னல்களும் கடுமையாக மஞ்சளாகின்றன. 17ஆம் நூற்றாண்டின் பெரும் ஓவியரான ரூபன்ஸ், பெட்டிக்குள் அடைபட்டு மஞ்சளான தமது எண்ணெய் ஓவியத்தை வெயிலில் வைக்குமாறு கடிதத்தில் எழுதியிருக்கிறார். சுவரிலுள்ள சுண்ணாம்பில் எண்ணெய் இல்லை. ஆதலால் அது இவ்வாறு மாறுவதில்லை.

வேறு காரணங்களும் உள்ளன. அமோனியா ஆவி எனாமலை வெகுவிரைவில் மஞ்சளாக்கும். அது சில துப்புரவுத் திரவங்களிலிருந்தும் மாட்டுக் கொட்டிலிலிருந்தும் வரக்கூடும். விறகடுப்பின் புகையும், பூசையறையிலும் வீடுகளிலும் இடும் சாம்பிராணிப் புகையும் மேற்பரப்பில் படிந்து நிறத்தைக் கெடுக்கும். தேக்கு போன்ற மரங்களின் இயற்கைச் சாயம் உள்ளிருந்து ஊறிப் பூச்சில் கறையாகத் தெரியும்.

எது காரணம் என்பதை வீட்டிலேயே கண்டறியலாம். சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்ததும் மஞ்சள் நீங்கினால் அது புகைப்படிவு. மரத்தின் கணுக்களிலும் ரேகைகளிலும் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அது மரச்சாயம். ஒரே சீராகப் பரவி, இருண்ட பக்கத்தில் கடுமையாகவும் யன்னலோரத்தில் இலேசாகவும் இருந்தால் அது எண்ணெயின் மாற்றம். கழற்றக்கூடிய யன்னற் கதவை வெயிலில் சில நாட்கள் வைத்துப் பார்த்தால் ஐயம் தீரும். அதன் வெண்மை ஓரளவு மீளும். இருளுக்குத் திரும்பினால் மஞ்சளும் திரும்பும்.

பரிகாரம் காரணத்தைப் பொறுத்தது. அறைக்குள் உள்ள மரவேலைக்கு நீரில் கரைக்கும் அக்ரிலிக் வகையைத் தெரிவு செய்வது சிறந்தது. அதில் உலரும் எண்ணெய் இல்லை. நீரில் கரைப்பவை யாவும் அக்ரிலிக் அல்ல என்பதால் தகரத்தின் குறிப்பை வாசித்து வாங்க வேண்டும். பழைய எனாமலின் மீது பூசுவதாயின் பளபளப்புப் போக அரம்தாளால் தேய்த்து, உரிய அடிப்பூச்சு இடுவது அவசியம். சாயம் ஊறும் மரத்துக்குக் கறை தடுக்கும் அடிப்பூச்சு வேண்டும். எனாமலே வேண்டுமென்போர் அதனை வெளிப்புறத்துக்கு வைத்துக்கொண்டு, உள்ளே வெள்ளைக்குப் பதிலாக இளமஞ்சட் சாயலைத் தெரிவு செய்யலாம்.

எனினும், மஞ்சளைவிடப் பாரதூரமான விடயம் ஒன்று இங்குண்டு. இலங்கையில் பெயின்றிலுள்ள ஈயத்தின் அளவுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை விதித்த வரையறை 2013 ஜனவரி முதலே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் பூசப்பட்ட எனாமலில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். அதனை உலர்வாகத் தேய்த்தாலோ சூடாக்கி உரித்தாலோ நச்சுத்தூசியும் ஆவியும் எழும். சிறுவரின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கின்றது. எனவே பழைய கதவைத் தேய்க்கும்போது நீர் தெளித்து, வெளியில் வைத்து, முகக்கவசம் அணிந்து தேய்க்க வேண்டும். சிறுவரையும் கர்ப்பிணிகளையும் விலக்கி, உதிர்ந்ததைக் கூட்டாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பூச்சை, மஞ்சளாகிவிட்டது என்பதற்காக முற்றாகச் சுரண்டத் தேவையில்லை.

கடைக்காரர்களும் வர்ணம் பூசுவோரும் விற்கும்போதே, பூசும்போதே இவ்வுண்மையை எடுத்துக் கூறுவார்களாயின், பின்னர் எழும் வீண் பிணக்குகள் பலவற்றைத் தவிர்க்கலாம். வீட்டுக்காரரும் தகரத்தைத் திறக்குமுன், அது எந்த அறைக்கு, எந்த வெளிச்சத்துக்கு என்று கேட்டறிந்து வாங்குவது நன்று.