அம்மாவின் தானியங்கிக் கைக்கடிகாரம்

ஆஹெனுக்கும் கடிகாரத்துக்கும் உள்ள உறவு பழையது. இங்கு அரசிருக்கை கொண்டிருந்த மகா கார்ல் பேரரசருக்குப் பாக்தாத்தின் கலீபா ஹாரூன் அல் ரஷீத் அனுப்பிய பித்தளை நீர்க்கடிகாரம் 807ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. மணிதோறும் சிறு குண்டுகள் விழுந்து ஒலியெழுப்பின. அதனை இயக்கியது நீர். எம் தாய்மார் சிலரின் பெட்டிகளில் உறங்கும் பழைய ‘ஓட்டோமெற்றிக்’ மணிக்கூட்டை இயக்குவதோ அணிபவரின் கையசைவு.

மின்கலம் இன்றி அது எப்படி ஓடுகிறது என மாணவர் வினவுவர். உள்ளே ஒரு சுருள்வில் உண்டு. அது மெல்ல விரியும்போது பற்சில்லுகள் சுழல்கின்றன. சமநிலைச் சில்லு இருபுறமும் ஆடி அச்சுழற்சியைச் சீராக்குகிறது. கையால் முறுக்கும் கடிகாரத்தில் இவ்வில்லை நாள்தோறும் நாமே இறுக்க வேண்டும். தானியங்கியில் அரைவட்ட உலோக எடையொன்று கையசைவுக்கேற்பச் சுழன்று அதனை இறுக்குகிறது. முழுதும் இறுகியபின் வில்லின் வெளிமுனை வழுக்கிவிடும். ஆகவே அது அறுவதில்லை.

ஆங்கிலேயரான ஜோன் ஹார்வுட் 1924இல் இதற்குச் சுவிற்சர்லாந்தில் காப்புரிமை பெற்றார். அவருடைய எடை முழுவட்டமாகச் சுழலாது; இருபுறமும் மோதித் திரும்பும். முழுவட்டம் சுழலும் எடையை றோலெக்ஸ் 1931இல் கொணர்ந்தது.

பெண்களுக்கான சிறிய கடிகாரத்தில்தான் உண்மையான சிக்கல். எடையின் நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் பாதியாக்கினால் நிறை எட்டில் ஒன்றாகும்; மையத்திலிருந்து அதன் தூரமும் பாதியாவதால் திருப்புதிறன் பதினாறில் ஒன்றாகச் சுருங்கும். மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்! எனவே உராய்வைக் குறைப்பது இன்றியமையாததாயிற்று. 1948இல் எட்டர்னா நிறுவனம் ஐந்து நுண்குண்டுகளின்மேல் எடையைச் சுழலவிட்டது. அந்த ஐந்து புள்ளிகளே அதன் சின்னமாயின. சிறிய கடிகாரங்கள் சிலவற்றில் எடைக்குப் பாரமிகு பொன்னையும் பயன்படுத்தினர்.

1969 டிசம்பர் 25இல் சீக்கோ முதலாவது குவாட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. பின்னர் மலிவும் துல்லியமும் மிக்க குவாட்ஸ், பெண்களின் தானியங்கிகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டது.

பெட்டியிலுள்ள கடிகாரம் நின்றிருந்தால் அது பழுதென்று முடிவுகட்ட வேண்டாம். கழற்றி வைத்தால் ஏறத்தாழ 40 மணித்தியாலத்தில் அது நிற்பதே இயல்பு. ஆனால் பல்லாண்டு கிடந்ததை உலுக்கி ஓடவைத்து நாள்தோறும் அணிவதும் தவறு. உள்ளெண்ணெய் உலர்ந்திருக்கும், உலர்ந்த அச்சுகள் தேயும். இறப்பர் வளையங்களும் இறுகியிருக்கும் என்பதால் சமையலறை நீரும் ஆகாது. இருளில் ஒளிரும் முட்களுடைய மிகப் பழைய கடிகாரங்களில் ரேடியம் இருக்கக்கூடும். அவற்றைப் பிள்ளைகள் திறக்கவே கூடாது.

கடிகாரத் தொழிலாளரிடம் துப்புரவாக்கும் செலவு, சந்தை விலையையும் மிஞ்சலாம். புதியதொன்றை வாங்குவதே இலாபம் என்போர் கணக்கில் பிழையில்லை. ஆயினும் புலம்பெயர்ந்தபோது கையோடு வந்தவை மிகச் சிலவே. அவற்றுள் இன்னும் உயிர்பெறக்கூடியது இது ஒன்றுதான் எனில், அச்செலவு தகும் என்பதே எம் கருத்து. கொடுக்கும்போது, எண்வட்டத்துக்குப் புதிதாகப் பூச்சிட வேண்டாம் என்றும், பின்மூடியை மெருகேற்ற வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கு பொறித்த பெயரும் திருமண நாளும் மெருகேற்றலில் தேய்ந்து போகக்கூடும்.